நாயைக் கொல்லும் என்று எழுதப்பட்ட காய்

16ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மூலிகை நூல்களில் மிளகாய் அறிமுகமாகும்போதே, நாய்க்குத் தின்னக் கொடுத்தால் அது நாயைக் கொன்றுவிடும் என்ற எச்சரிக்கையும் கூடவே அறிமுகமானது. நெதர்லாந்துப் பகுதி மருத்துவரான ரெம்பர்ட் டோடன்ஸ் 1554இல் வெளியிட்ட புகழ்பெற்ற மூலிகை நூலை ஹென்றி லைட் 1578இல் ஆங்கிலமாக்கினார். மிளகாய்க்குள் மறைவான தீய குணம் ஒன்று உண்டென்றும் அது நாய்களை மாய்க்கும் என்றும் ஆங்கில வாசகர்கள் அதன் வழியே படித்தனர். 1597இல் வெளிவந்த ஜான் ஜெரார்டின் பெருநூல் அதே செய்தியை இன்னும் உறுதியோடு, பாரசீக மருத்துவ மேதை இப்னு சீனாவின் பெயரைச் சான்றாக வைத்து, திரும்பச் சொன்னது. அந்த எச்சரிக்கை பிறந்த வழியையும், அதற்கு முன்னும் பின்னும் நாய்க்கும் மிளகாய்க்கும் இடையில் உண்மையாகவே நடந்தவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, செடி தானாக நாய்க்குச் செய்த கேடு மிகக் குறைவு என்பதும், அதன் காரத்தைப் புகைத்தும் பொடித்தும் பிழிந்தெடுத்தும் மனிதக் கை செய்த கேடே பெரிது என்பதும் தெளிவாகின்றன.

இப்னு சீனா காலமானது 1037இல். மிளகாயோ அமெரிக்கக் கண்டங்களின் செடி. கொலம்பஸ் 1493 ஜனவரியில் தம் கடற்பயணக் குறிப்பில் கரீபியத் தீவு மக்களின் மிளகு என்று அதைக் குறித்துவைத்ததற்கு முன்பு, ஐரோப்பியரோ அரேபியரோ இந்தியரோ அதைக் கண்ணால் கண்டிருக்க வழியே இல்லை. ஆகவே மிளகாய் நாயைக் கொல்லும் என்று இப்னு சீனா எழுதியிருக்கவே முடியாது. அவர் எழுதியது வேறொரு செடியைப் பற்றி. அரபு மருந்தியலில் ‘நாய்களின் இஞ்சி’ என்ற பொருள் தரும் பெயரோடு வழங்கிய செடி ஒன்று இருந்தது. நாய்களைக் கொல்லும் என்ற பேச்சும் அதற்கு இருந்தது. நீரோரங்களில் நீண்ட மெல்லிய இலைகளோடு வளர்ந்து, கடித்தால் நாவை எரிக்கும் நீர்மிளகுச் செடி என்றே அது பொதுவாக அடையாளம் காணப்படுகிறது. இப்னு சீனாவின் மருத்துவ நூலை 12ஆம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனா ஊரைச் சேர்ந்த ஜெரார்டு என்னும் மொழிபெயர்ப்பாளர் இலத்தீனாக்கியபோது அந்தப் பெயரும் இலத்தீனுக்குள் நுழைந்து, அடுத்த 300 ஆண்டுகள் மருத்துவ மாணவர்களின் ஏடுகளில் செடியறியாத வெறும் பெயராகவே கிடந்தது.

அக்கால மூலிகை அறிஞர்களிடம் உறுதியான நம்பிக்கை ஒன்று இருந்தது: உலகில் உள்ள பயனுள்ள செடிகள் யாவும் கிரேக்க, உரோம, அரபு முன்னோர்களின் நூல்களில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்க வேண்டும், புதிதாகக் கைக்கு வரும் செடி எதுவானாலும் பழைய நூலில் அதற்குரிய இடத்தைக் கண்டுபிடிப்பதே அறிஞரின் வேலை. ஜெர்மானியரான லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் 1542இல் மிளகாய்ச் செடியின் அழகிய படங்களை அச்சிட்டபோது அதைக் கோழிக்கோட்டு மிளகு என்று அழைத்து இந்தியச் செடியாகவே கருதினார். போர்ச்சுகீசியக் கப்பல்கள் அதற்குள் விதையைக் கிழக்கே கொண்டு சேர்த்து, விளைந்த காய் கிழக்கிலிருந்து மேற்கே திரும்பத் தொடங்கியிருந்ததால் அந்த மயக்கம் நேர்ந்தது. அதே முறையில், வாயை எரிக்கும் புதிய காய்க்குப் பழைய நூலில் இடம் தேடியவர்கள், எரிப்பு என்னும் ஒரே ஒற்றுமையை வைத்து, இப்னு சீனாவின் நாய்-இஞ்சியே இது என்று முடிவுசெய்தனர். பெயர் ஒட்டியதும் பெயரோடு சேர்ந்திருந்த குற்றச்சாட்டும் காயின்மேல் ஒட்டிக்கொண்டது. யாரும் நாய்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை. நூலிலிருந்து நூலுக்கு நகலெடுத்ததே நடந்தது.

குற்றச்சாட்டை நம்புவதற்கு அன்றைய மருத்துவக் கோட்பாடும் துணைநின்றது. உணவும் மருந்தும் உடலுக்குத் தரும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகியவற்றை நான்கு படிகளாக அளந்த கிரேக்க மரபில், நான்காம் படிச் சூடு என்பது உறுப்புகளைச் சிதைக்கும் எல்லை. மிளகாய் அந்தப் படியில் வைக்கப்பட்டதால், அது ஈரலுக்கும் குடலுக்கும் பகை என்று எழுதியவர்களுக்கு நாயின் சாவு இயல்பான அடுத்த செய்தியாகவே பட்டிருக்கும். உண்மையில் அக்கால ஐரோப்பாவில் நாய்களைக் கொல்லப் பயன்பட்ட விதை வேறு. தென்னிந்தியக் காடுகளில் தானாக விளையும் எட்டி மரத்தின் வட்டத்தட்டு விதைகள் கப்பலேறிச் சென்று, நாய், பூனை, காக்கை ஆகியவற்றுக்கு வைக்கும் நஞ்சாக மருந்துக்கடைகளில் விற்கப்பட்டன. அதிலுள்ள கொடிய நச்சுப்பொருளான ஸ்ட்ரிக்னினை 1818இல் பெல்லெத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர்கள் அந்தத் தாவரப் பேரினத்திலிருந்து பிரித்தெடுத்தனர். தென்னாட்டு மரத்தின் கசப்பு நாய்களைக் கொன்றுகொண்டிருந்த அதே காலத்தில், கொலைப்பழி மட்டும் மிளகாயின் பெயரில் அச்சேறிக்கொண்டிருந்தது.

மிளகாய் பிறந்த மண்ணில் நாயும் மிளகாயும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஒரே முற்றத்தில் வாழ்ந்தவை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த லிண்டா பெர்ரியும் அவரது குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அரைகற்களிலும் பானை ஓடுகளிலும் மண்ணிலும் ஒட்டியிருந்த நுண்ணிய மாவுத்துகள்களைக் கொண்டு, பஹாமாஸ் தீவுகள் முதல் தெற்குப் பெரு வரையிலான ஏழு தொல்லிடங்களில் மிளகாய் சமைக்கப்பட்டதை நிறுவியது. அவற்றில் மிகப் பழையதான தென்மேற்கு ஈக்வடார்ச் சான்றுக்கு 6,000 ஆண்டுக்கு மேற்பட்ட வயது. நாயோ அதற்கும் முன்பே, வட ஆசியாவிலிருந்து வந்த மக்களோடு அந்தக் கண்டங்களை அடைந்துவிட்டது. இலினாய் பகுதியில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் பரிவோடு புதைத்த நாய்களின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. மிளகாய் அரைத்த அம்மியின் பக்கத்தில் படுத்துக் கிடந்தும், மிளகாய் கலந்த மிச்சத்தைத் தின்றும் வளர்ந்தவை அந்த மண்ணின் நாய்கள். காய் நாயைக் கொல்லுமானால் இந்த உறவு இத்தனை நூற்றாண்டு நீடித்திருக்காது.

ஆனால் அதே மண்ணில் மிளகாயின் இன்னொரு முகமும் அறியப்பட்டிருந்தது. தீயில் விழுந்த மிளகாயின் நெடி மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொள்வதை அமெரிக்கப் பழங்குடிகள் ஆயுதமாக்கியிருந்தனர். பிரேசிலின் துப்பினம்பா மக்களிடம் சிறைப்பட்டு மீண்ட ஜெர்மானியர் ஹான்ஸ் ஸ்டாடன் 1557இல் வெளியிட்ட நூலில், காற்று வாகாக வீசும்போது பெரும் தீ மூட்டி அதில் மிளகாய்ச் செடிகளைக் குவித்து, புகையால் பகைவரை அரணுக்குள்ளிருந்து வெளியே வரவைக்கும் உத்தியை விவரிக்கிறார். 1541ஐ ஒட்டி மெக்சிகோவில் வரையப்பட்ட மெண்டோசா ஓவியச்சுவடியில், சொற்கேளாத பதினோரு வயதுச் சிறுவனை மிளகாய்ப் புகையின்மேல் தந்தை பிடித்திருக்கும் காட்சி உள்ளது. கண்ணீர்த் துளிகள் தெளிவாக வரையப்பட்ட அந்தச் சிறு படம், வாய்க்குள் போகாமலேயே மிளகாய் எவ்வளவு துன்பம் தரும் என்பதற்கு எந்த விளக்கவுரையும் தேவைப்படாத சான்று. தமிழ் வீடுகளில் திருஷ்டி சுற்றிய காய்ந்த மிளகாயை அடுப்பில் போடும்போது எழும் நெடியை அறிந்தவர்களுக்கு அந்தச் சிறுவனின் நிலை எளிதில் விளங்கும். மனிதரின் மூக்கைவிடப் பன்மடங்கு நுட்பமான மூக்கைத் தரையோடு தரையாக வைத்து உலகை அறியும் நாய்க்கு அந்த நெடி தரும் வேதனை அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மிளகாய் ஏன் எரிகிறது என்பதற்கான விடை செடியின் வாழ்க்கைக்குள்ளேயே இருப்பதைக் கண்டறிய 21ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பச்சை மிளகாய் ஒன்றை நீளவாட்டில் பிளந்தால், விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான நடுநரம்பு தெரியும். காரம் சுரப்பது அங்கேதான், விதையில் அன்று. விதை எரிவது நரம்போடு ஒட்டிக் கிடப்பதால் மட்டுமே. இலையிலும் தண்டிலும் காரம் இல்லை என்றே சொல்லலாம். பிலிப்பைன்ஸ் மக்கள் மிளகாய் இலையைக் கீரையாகவே குழம்பில் இடுகின்றனர். காப்பாற்றப்பட வேண்டிய விதையைச் சுற்றி மட்டுமே செடி காவல் வைத்திருக்கிறது. அந்தக் காவல் யாருக்கு எதிரானது என்பதை ஜோஷுவா டியூக்ஸ்பரியும் கேரி நப்ஹானும் 2001இல் தெற்கு அரிசோனாவின் காட்டு மிளகாய்ப் புதர்களில் ஆராய்ந்து காட்டினர். காரக் காயைக் காட்டெலிகள் ஒதுக்கின. காரமற்ற காயைக் கொடுத்தபோது அவை தின்றாலும் பற்களிடையே விதை நொறுங்கியதால் எச்சத்திலிருந்து எதுவும் முளைக்கவில்லை. வளைந்த அலகுடைய பறவை ஒன்றோ காரக் காயைத் தயக்கமின்றி விழுங்கி, முளைக்கும் விதைகளை நிழலான புதர்களடியில் எச்சமிட்டது. மென்று தின்னும் பாலூட்டியை விலக்கி, விழுங்கிச் சுமக்கும் பறவையை அழைக்கும் ஏற்பாடே காரம். நாய் பாலூட்டி இனத்தது. ஆகவே செடியின் கணக்கில் அது விலக்கப்பட வேண்டிய விருந்தாளி. விலக்குவதற்கே இந்த ஏற்பாடு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: ஒருமுறை கடித்த விலங்கு வலியை நினைவில் வைத்து மறுமுறை வராமலிருந்தாலே செடிக்குப் போதும், அதைக் கொல்ல வேண்டிய தேவை இல்லை.

காரத்தின் வேதியியலும் உடலியலும் அறியப்பட்ட வரலாற்றில் நாய்க்குத் துயரமான ஓர் இடம் உண்டு. 1816இல் கிறிஸ்டியன் புக்கோல்ட்ஸ் என்பவர் காரப்பொருளைத் தூய்மையற்ற நிலையில் பிரித்தார்; 1876இல் ஆங்கிலேயர் ஜான் தெரெஷ் அதைப் படிகமாக்கிக் கேப்சைசின் என்று பெயரிட்டார். அதற்கு இரண்டாண்டுகள் கழித்து ஹங்கேரிய மருத்துவர் எந்த்ரே ஹோஜெஷ், மிளகாயின் காரச் சாற்றை நாய்களின் வயிற்றுக்குள் செலுத்தி, அவற்றின் உடல் வெப்பம் தாழ்வதைப் பதிவுசெய்ததோடு, காரம் முதன்மையாக உணர்வு நரம்புகளின் வழியாகவே செயல்படுகிறது என்ற முடிவுக்கும் வந்தார். பின்னாளில் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்தைச் செம்மைப்படுத்தியதற்காக நினைக்கப்படும் அறிஞர் அவர். நாய்களின் உடலிலிருந்து அவர் கற்றது மனித குலத்துக்கு இரு வகையில் பயன்பட்டது. நெருப்பை நினைவூட்டும் பொருள் உடலைக் குளிரச் செய்வது ஏன் என்ற புதிருக்கு, 1997இல் டேவிட் ஜூலியஸின் ஆய்வகம் நரம்பு முனைகளிலுள்ள ஒரு புரத வாயிலை அடையாளம் கண்டபோதுதான் முழு விளக்கம் கிடைத்தது. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டுக்குத் திறக்கும் அந்த வாயில், கேப்சைசின் பட்டாலும் திறந்துகொள்கிறது; சூடு பட்டுவிட்டதாகவே மூளை எடுத்துக்கொண்டு உடலைத் தணிக்க முனைகிறது. பறவைகளின் உடலிலுள்ள அதே வாயில் சூட்டுக்குத் திறந்தாலும் கேப்சைசினுக்கு இணங்குவதில்லை என்பது 2002இல் கோழியின் புரதத்தை வைத்து உறுதியானது. இந்த ஆய்வுவரிசைக்காக ஜூலியஸ் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த அறிவின்படி, காரம் என்பது சுவை அன்று, வலி. நாயின் நாவில் உள்ள சுவைமொட்டுகள் ஏறக்குறைய 1,700 மட்டுமே; மனிதருக்கு 9,000 வரை உண்டு. இதனால் நாய்க்குக் காரம் அவ்வளவாகத் தெரியாது என்று கருதுவோர் உளர். அது பிழையான கருத்து. வலியை உணர்த்தும் நரம்புகளுக்கும் சுவைமொட்டுகளுக்கும் தொடர்பில்லை. வாய், மூக்கு, கண், குடல், ஆசனவாய் என ஈரச்சவ்வு உள்ள இடமெல்லாம் அந்த நரம்புமுனைகள் உள்ளன. காரத்தில் இன்பம் காணும் பழக்கமும் நாய்க்கு வருவதில்லை. உளவியலாளர் பால் ரோசின் மெக்சிகோவின் ஒஆஹாகா மாநிலத்துக் கிராமம் ஒன்றில் இதை நேரடியாகவே சோதித்தார். மனிதர் உண்ட மிச்சத்தில் நாள்தோறும் மிளகாயைத் தின்றே வளர்ந்த அவ்வூர் நாய்களுக்கும் பன்றிகளுக்கும் காரமிட்ட தின்பண்டத்தையும் காரமிடாததையும் சேர்த்து வைத்தபோது, அவை காரமில்லாததையே முதலில் நாடின. மிளகாயை விரும்பும் விலங்கு உண்டா என்று கேட்கப்பட்டபோது கிராமத்தாரும் அப்படி ஒன்றும் இல்லை என்றே சொன்னார்கள். பசிக்குத் தின்பது வேறு, விரும்பித் தின்பது வேறு என்பதை அந்த மக்கள் ஆய்வுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

மூலிகை நூலாசிரியர் ஜான் ஜெரார்டு சொன்ன சாவு நேராவிட்டாலும், துன்பம் உண்மையானது. மிளகாயைக் கடித்த நாய்க்கு எச்சில் ஒழுகும். முன்னங்காலால் வாயைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொள்ளும். முகத்தைத் தரையில் தேய்க்கும். வாந்தியும் பேதியும் தொடரலாம். வளர்ந்த நாய்க்கு இது பெரும்பாலும் சில மணி நேரங்களில் அடங்கிவிடும். குட்டிக்கும் மிகச் சிறிய இன நாய்க்கும் முதுநாய்க்கும் வாந்தியால் உடல் நீர் வற்றுவதே ஆபத்து. கண்ணில் பட்டால் விழிவெண்படலம் புண்ணாகும் அளவுக்கு நாய் கண்ணைத் தேய்த்துக்கொள்ளும். கேப்சைசின் கொழுப்பில் கரைவது, நீரில் கரையாதது. ஆகவே வாயின் எரிச்சலுக்குத் தண்ணீர் மட்டும் உதவாது, சிறிதளவு பாலோ தயிரோ உதவும். கண்ணை மட்டும் ஓடும் தூய நீரில் பல நிமிடம் கழுவ வேண்டும். தோலுக்கு மென்மையான சோப்பு போதும். வாந்தி எடுக்கவைக்க முயல்வது கூடாது, உள்ளே போகும்போது எரித்த பொருள் வெளியே வரும்போதும் எரிக்கும்.

இதுவரை சொன்னது மரபான மிளகாய்க்குப் பொருந்தும். கடந்த சில பத்தாண்டுகளில் மிளகாயே மாறிவிட்டது. 1912இல் டெட்ராய்ட் நகர மருந்து நிறுவனம் ஒன்றில் வேதியியலாளராக இருந்த வில்பர் ஸ்கோவில், காரச் சாற்றைச் சர்க்கரை நீரில் எத்தனை மடங்கு கரைத்தால் சுவைப்போர் நாவில் எரிச்சல் மறைகிறது என்று கணக்கிட்டு ஓர் அளவுகோலை வகுத்தார். மெக்சிகோவின் ஹலபேன்யோ மிளகாய் அதில் 2,500 முதல் 8,000 வரை நிற்கும். வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜொலோகியா 10 லட்சத்தைத் தாண்டியது என்று 2007இல் கின்னஸ் பதிவு ஏற்றது. அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட பெப்பர் எக்ஸ் என்னும் வகைக்குச் சராசரி 26.9 லட்சம் என்று 2023இல் பதிவானது. பாலூட்டிகளை விலக்குவதற்காகச் செடி தானாக வளர்த்துக்கொண்ட எரிப்பை, போட்டிக்காக மனிதர் பன்மடங்கு பெருக்கிவிட்டனர். இத்தகைய மிகு கார வகைகள் இன்று மாடித் தோட்டத் தொட்டிகளிலும் வந்துவிட்டன. மரபான காயைக் கடித்துத் துப்பிவிட்டு ஓடும் நாய் இவற்றைக் கடித்தால் நிலைமை அவ்வளவு எளிதாக இராது என்பதால், இவ்வகைச் செடிகளை நாய்க்கு எட்டாத உயரத்தில் வைப்பது வளர்ப்பவரின் கடமை.

காரத்தைக் காயிலிருந்து பிரித்து நாயின் முகத்துக்கு நேராகக் கொண்டுசென்ற காலம் 1960களின் தொடக்கம். அமெரிக்காவில் கடிதம் கொண்டுசெல்வோரை நாய்கள் கடிப்பது அஞ்சல் துறைக்குத் தீராத சிக்கலாக இருந்த நிலையில், ஜார்ஜியா மாநிலத்தில் உருவாக்கப்பட்ட ‘ஹால்ட்’ என்னும் கேப்சைசின் தெளிப்பான் அஞ்சல்காரர்களின் இடுப்பில் ஏறியது. தடியால் அடிபட்டு எலும்பு முறிவதைவிட, சில நிமிடங்கள் கண் எரிந்து நாய் பின்வாங்குவது இரு தரப்புக்கும் மேல் என்பது அதன் நியாயம். பாயும் நாயின் முன் நிற்கும் ஊழியருக்கு அந்த நியாயத்தை மறுப்பது கடினம். ஆபத்து வேளைக்கென அளந்து செய்யப்பட்ட அந்தக் கருவியின் கருத்து, பின்னர் அளவும் வேளையும் இல்லாத வழக்கமாகப் பரவியதுதான் வருத்தத்துக்குரியது. படுத்திருக்கும் தெருநாயை எழுப்பி விரட்ட மிளகாய்த்தூள் கரைத்த நீரை ஊற்றுவதும், வாசலில் தூளைத் தூவிவைப்பதும் பல ஊர்களில் கேடற்ற வீட்டு உபாயம் என்றே கருதப்படுகின்றன. தூவப்பட்ட தூள் பாதத்தில் ஒட்டி, பாதத்தை நக்கும்போது வாய்க்கும், முகத்தைத் துடைக்கும்போது கண்ணுக்கும் போகிறது. காய் தரும் ஒருமுறை எச்சரிக்கைக்கு மாறாக, விலக வழியறியாத நாயைத் தூள் மணிக்கணக்கில் துரத்துகிறது.

மிளகாய் பெற்ற பழியில் ஒரு பகுதி, அதைப் போலவே தோன்றும் வேறொரு செடிக்கு உரியது. தென் அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்து, 1753இல் லின்னேயஸிடம் போலிமிளகாய் என்று பொருள்படும் அறிவியல் பெயரைப் பெற்ற செடி அது. செர்ரி அளவில் உருண்டையாக ஆரஞ்சுச் சிவப்பில் காய்க்கும் அதை, அழகுக்காக வளர்க்கும் சிறு மிளகாயோடு நாற்றுக்கடைகளும் வீட்டாரும் அடிக்கடி குழப்பிக்கொள்கின்றனர். நீலகிரி மலையில் அது தானாகவே பரவி வளர்கிறது. பழத்தை அறுத்தால் வேறுபாடு உடனே தெரியும்: மிளகாயின் உட்புறம் வெற்றிடமாக இருந்து விதைகள் நடுநரம்பில் தொங்கும், போலிமிளகாயின் உட்புறம் சிறு தக்காளியைப்போல் சதையால் நிறைந்திருக்கும். அதன் இலையிலும் பழத்திலும் உள்ள சொலனோகேப்சின் என்னும் நச்சுப்பொருள் வயிற்றைக் கலக்குவதோடு இதயத் துடிப்பையும் தாழ்த்தக்கூடியது. அதில் காரமும் இல்லை, ஆகவே கடித்த நாயைத் துப்பவைக்கும் எச்சரிக்கையும் இல்லை. உண்மையான மிளகாயைவிட அஞ்ச வேண்டியது இதுவே.

தமிழ்நாட்டின் மிளகாய்க் களங்களை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்கலாம். போர்ச்சுகீசியரால் 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்கு வந்த காய், மழை குறைந்த இராமநாதபுரம் மண்ணில் உருண்டு தடித்த முண்டு மிளகாயாக வேரூன்றி, 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. அறுவடைக் காலத்தில் அம்மாவட்டத்துக் களங்களில் சிவப்பாகப் பரந்து காயும் பழத்தை ஊர்நாய்கள் தீண்டுவதில்லை. முகர்ந்த மட்டில் விலகிவிடுகின்றன. நாய்க்கு ஊறு வரும் வழிகள் வேறு. மிளகாயிட்ட குழம்பும் இரசமும் கலந்த மிச்சச் சோற்றில், நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் வெங்காயமும் பூண்டும் காரத்தைவிடக் கொடியவை. எரிச்சல் சில மணி நேரத்தில் தெரிந்து மறையும், இரத்தச்சோகை சில நாள் கழித்தே வெளிப்படும். இலைப்பேனுக்கும் காய்ப்புழுவுக்கும் மிளகாய்ப் பயிர்மேல் அடிக்கப்படும் பூச்சிமருந்தும், அதைக் கலக்கிய வாளியில் தேங்கிய நீரும் காயைவிட ஆபத்தானவை. தொட்டி மண்ணில் இடும் ஆமணக்குப் புண்ணாக்கு எல்லாவற்றிலும் மோசம்: எண்ணெய் பிழிந்த பின்னும் அதில் தங்கியிருக்கும் ரைசின் என்னும் கொடும் நஞ்சு, அதோடு சேர்த்து இடப்படும் எலும்புத்தூளின் மணத்துக்கு மயங்கி மண்ணைக் கிளறித் தின்னும் நாயைக் கொல்லும் வலிமை உடையது. செடியைச் சந்தேகித்து வேலியிட்ட வீடுகளில் உர மூட்டை திறந்து கிடப்பதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள்.

ஆகவே மிளகாய்ச் செடி வளர்ப்போர் நாயின் பொருட்டுச் செடியைப் பிடுங்க வேண்டியதில்லை. உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி எடுப்பதும், ஆமணக்குப் புண்ணாக்குக்குப் பதில் மட்கிய சாணத்தை இடுவதும், அழகுச் செடி வாங்கும்போது பழத்தை அறுத்துப் பார்ப்பதும், மிளகாய் வறுக்கும்போதும் இடிக்கும்போதும் நாயை வெளியே விடுவதும் போதும். தெருநாயின்மேல் மிளகாய்த்தூளை வீசும் பழக்கத்தை மட்டும் எந்தச் சமாதானமும் சொல்லாமல் கைவிட வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தன் 11ஆம் பிரிவில், தேவையற்ற வலியை விலங்குக்கு விளைவிப்பதையும் ஊறுதரும் பொருளை வேண்டுமென்றே அதற்குச் செலுத்துவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறை செய்வோருக்கு அந்தப் பிரிவு விதிக்கும் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை.